கலவைக் கணக்கில் ஒரு கூடுதல் பத்தி

சுற்றுச்சூழலைத் தனிப் பாடமாக வைத்தால் சிவில் பொறியியல் மாணவர்கள் மனப்பாடம் செய்து மறந்துவிடுகிறார்கள். கான்கிரீட் ஆய்வகத்திலேயே அதை நுழைப்பதுதான் சரி. கலவை வடிவமைப்புத் தாளில் கார்பனுக்கு ஒரு பத்தி (அட்டவணையில் ஒரு நெடுவரிசை) சேர்த்தால் போதும்.

எம்25 கலவைக்கு (28 நாளில் சதுர மிமீக்கு 25 நியூட்டன் வலிமை தர வேண்டிய கான்கிரீட்) ஒரு கனமீட்டருக்கு 350 கிலோ ஓபிசி (சாதாரண போர்ட்லேண்ட்) சிமென்ட் என்று வைப்போம். கிலோவுக்குச் சுமார் 0.9 கிலோ கார்பன் டை ஆக்சைடு, ஆக 315 கிலோ. அடுத்து, சிமென்டும் சாம்பலும் சேர்ந்த எடையை 10% கூட்டி 385 ஆக்கி, அதில் 30% உலைச்சாம்பல் (அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து வரும் நுண்சாம்பல், fly ash) போடச் சொல்லுங்கள். சிமென்ட் 270, சாம்பல் 115. கார்பன் 243 கிலோவாகக் குறையும் (சாம்பலின் போக்குவரத்து தனி).

தவறு நடப்பது இங்கேதான். சாம்பலின் ஒப்படர்த்தி (தண்ணீரைப் போல எத்தனை மடங்கு அடர்த்தி என்பது) சுமார் 2.2, சிமென்டுக்கு 3.15. தண்ணீரை மாற்றாவிட்டால் பசையின் (சிமென்ட், சாம்பல், தண்ணீர் சேர்ந்தது) கன அளவு 27 லிட்டர் கூடும். மணலையும் ஜல்லியையும் அந்த அளவுக்குக் குறைக்காவிட்டால் கலவை ஒரு கனமீட்டரைத் தாண்டிவிடும்.

7 நாளில் மட்டும் கனசதுரத்தை (வலிமைச் சோதனைக்கு வார்த்த கான்கிரீட் கட்டியை) உடைத்துப் பார்த்து "சாம்பல் பலவீனம்" என்று எழுதவிடாதீர்கள். சாம்பலின் வினை மெதுவானது. 7, 28, 56 நாட்களுக்கு மும்மூன்று என 150 மிமீ கனசதுரங்கள் ஒன்பது வேண்டும். வீணாவதையும் சேர்த்து 35 லிட்டர் கலக்குங்கள். அச்சிலிருந்து எடுத்தபின், உடைக்கும் நாள் வரை கனசதுரங்கள் தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும்.