பச்சை பிளேட்டை எண்ணிய பத்து நாள்

சென்னைக்கு வடக்கே செங்குன்றத்தில், நெல்லூர் போகும் ஜி.என்.டி. ரோட்டை ஒட்டி எங்க பெரியப்பாவின் ரைஸ்மில். மில் நின்று நாலு வருஷம் ஆகிறது. நெல் காயப்போட்ட களம் சும்மா கிடக்கிறதே, கார் சார்ஜிங் ஸ்டேஷன் போடலாம் என்று கிளம்பினேன். கரன்ட் விற்க லைசென்ஸ் வேணுமே என்று பெரியப்பா பயந்தார். வேண்டாம், வண்டிக்கு சார்ஜ் போட்டுத் தருவது சேவை, மின் விற்பனை இல்லை என்று மத்திய மின் அமைச்சகம் 2018-லேயே சொல்லிவிட்டது.

சார்ஜர் விற்க வந்தவர் 120 கிலோவாட் மெஷின் இரண்டை என் தலையில் கட்டப் பார்த்தார். அத்தனை லோடு என்றால் எச்.டி. சர்வீஸ், அதாவது உயர் அழுத்த இணைப்பு, சொந்த டிரான்ஸ்பார்மர். "ஹைவேயில 25 கிலோமீட்டருக்கு ஒண்ணு, ரெண்டு பக்கமும் வேணும்னு 2022-ல கவர்மென்ட்டே சொல்லிருக்கு சார்" என்றார். சரிதான், ஆனால் என் வாசலில் யார் நிறுத்துவார்கள்? நெல்லூர் போகிறவர் வீட்டிலேயே ஃபுல்லாக ஏற்றிக்கொண்டு வருவார். விஜயவாடாவிலிருந்து வருகிறவர் பேட்டரி காய்ந்துபோய் வருவார், ஆனால் மீடியனுக்கு அந்தப் பக்கம்.

டீக்கடையில் குயர் நோட்டோடு பத்து நாள் உட்கார்ந்தேன். பச்சை நம்பர் பிளேட் என்றால் பேட்டரி வண்டி. அதில் வெள்ளை எழுத்து சொந்த வண்டி, மஞ்சள் எழுத்து வாடகை வண்டி. மஞ்சள் பக்கம்தான் கோடு நிறைந்தது: கால் டாக்சி, அரிசி மூட்டை ஏற்றும் லோடு ஆட்டோ. ஒரு ஆட்டோக்காரர் சிரித்தார். "வண்டில சொருகுற அந்த சார்ஜர் கன்னு நம்ம வண்டிக்கு சேராதுண்ணா. பதினஞ்சு ஆம்பியர் பிளக்கு நாலு வெச்சுக் குடு, நைட்டு இங்கயே போட்டுக்கிறோம்."

கடைசியில் 60 கிலோவாட் மெஷின் ஒன்று, இரண்டு கன், தாழ்வழுத்த எல்.டி. சர்வீஸ், கூடவே நாலு பிளக். இரண்டு கார் சேர்ந்தால் ஆளுக்கு முப்பதாகப் பிரியும், பரவாயில்லை. மில் சுவரில் 2023 டிசம்பர் வெள்ளம் விட்டுப்போன சேற்றுக் கோடு இன்னும் இருக்கிறது. அதற்கு ஒரு முழம் மேலே பீடம் கட்டினோம்.

முதல் நாளே மெஷின் மக்கர். ஆப்பில் பணம் போகிறது, கரன்ட் வரவில்லை. விற்றவர் போனை எடுக்கவே இல்லை. நம்ம வயர்மேன்தான் கண்டுபிடித்தார்: தகர ஷெட்டுக்குள் மெஷினில் இருக்கும் சிம்முக்கு சிக்னல் இல்லை. ஆன்டெனாவை வெளியே இழுத்துக் கட்டியதும் ஓடியது.

இப்போது மதியம் கால் டாக்சிகள் வருகின்றன, எண்பது சதவீதத்தோடு கிளம்பிவிடுகிறார்கள். அதற்குமேல் மெதுவாகத்தான் ஏறும். ராத்திரி நாலு பிளக்கிலும் ஆட்டோ. ஐந்தாவதுக்குப் பெரியப்பா இடம் பார்க்கிறார்.