சோளகக் காற்றும் எட்டுக் கால் சிப்பும்

அப்டேட் தொடங்கிப் பத்து செக்கன்கூட ஆகவில்லை, கரண்ட் போய்விட்டது. சோளகம் வீசுகிற மாதத்தில், கொக்குவிலில், யூபிஎஸ் இல்லாமல் ரவுட்டருக்கு ஃபேர்ம்வெயர் (அதை இயக்குகிற உள் மென்பொருள்) ஏற்றியது என் பிழைதான். கரண்ட் வந்தபோது எல்லா லைட்டும் ஒன்றாக எரிந்து அப்படியே நின்றன. ரீசெட் பட்டனைக் குண்டூசியால் குத்தினேன், அசையவில்லை. கடையில், “எறிஞ்சுபோட்டுப் புதுசு எடுங்கோ தம்பி” என்றார்கள்.

மூடியைக் கழற்றினேன். ஓரத்தில் ஒரு எட்டுக் கால் சிப், 25கியூ64. ஃபேர்ம்வெயர் குடியிருக்கிற பிளாஷ் நினைவகம் இதுதான். அதாவது 64 மெகாபிட், 8 மெகாபைட். பிளாஷில் எழுதுவதென்றால் 1ஐ 0 ஆக்குவதுதான். திரும்ப 1 ஆக்க ஒரு துண்டை மொத்தமாக அழிக்க வேண்டும். அப்டேட்டும் முதலில் அழித்துவிட்டுத்தான் எழுதும். நான் மாட்டியது அந்த இடைவெளியில்.

கம்பஸில் படிக்கிற பெடியன் ஒருவன் சிஎச்341ஏ புரோகிராமரும் (கம்ப்யூட்டரிலிருந்து சிப்பை நேரே வாசிக்கவும் எழுதவும் உதவுகிற பலகை), சிப்பின் கால்களைக் கவ்வுகிற கிளிப்பும் தந்தான். அந்த மலிவுக் கருப்புப் பலகையில் ஒரு வில்லங்கம் உண்டு: சிப்புக்கு 3.3 வோல்ட் கொடுத்தாலும் சிக்னல் கால்களில் 5 வோல்ட் வரும். அவன் அதை முன்பே திருத்தி வைத்திருந்தான், தப்பினேன்.

சிப்பை இரண்டு தரம் வாசித்தேன். இரண்டு ஃபைலும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. கால்களை ஸ்பிரிட்டால் துடைத்து, கிளிப்பை அழுத்திப் பிடித்து வாசித்த பிறகுதான் அடுத்தடுத்த இரண்டும் ஒத்து வந்தன. இரண்டும் 83,88,608 பைட். திறந்து பார்த்தால் பூட்லோடர் (கரண்ட் வந்ததும் முதலில் ஓடித் தொடக்கி வைக்கிற நிரல்) இருக்க வேண்டிய முதல் 128 கிலோபைட்டும் வெறும் எஃப்எஃப், அதாவது எல்லாம் 1, அழித்தபடியே கிடந்தது. கேபிள் வழியாக ஃபேர்ம்வெயரை அனுப்பி மீட்கிற டிஎஃப்டிபி வழி ஏன் வேலை செய்யவில்லை என்று அப்போதுதான் விளங்கியது, அதற்கும் பூட்லோடர் வேண்டும்.

மாமி வீட்டிலும் இதே மொடல். அதைக் கழற்றி ஒரு பிரதி எடுத்தேன். (“உடைச்சுப் போடாதை” என்று மாமி பக்கத்திலேயே நின்றார்.) அதை அப்படியே என் சிப்பில் எழுதியிருக்கலாம். ஆனால் கடைசி 64 கிலோபைட்டில்தான் அந்தந்த ரவுட்டருக்கே உரிய மாக் முகவரியும் (நெட்வேர்க்கில் அதன் அடையாள எண்) வைஃபை ரேடியோவின் அளவீடுகளும் இருக்கின்றன. எந்த டவுன்லோடிலும் அது கிடைக்காது. என் சிப்பிலிருந்து வாசித்த பிரதியில் அந்தப் பகுதி தப்பியிருந்தது. மாமியின் ஃபைலில் வாலை வெட்டி, என் வாலை ஒட்டினேன்.

எழுதி, சரிபார்த்து, கரண்ட் கொடுத்தேன். லைட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. அடிப்பக்க ஸ்டிக்கரில் இருந்த மாக் முகவரியே திரையிலும் வந்தது. மாமியின் ரவுட்டருக்கும் புது வேர்ஷன் வந்திருக்கிறது. சோளகம் ஓயட்டும் என்று விட்டிருக்கிறேன்.