ஊரைப் பற்றி யாரிடம், எப்படிக் கேட்பது?

புது நாட்டில் குடியேறியதும் முதல் சில வாரங்கள் வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், அடையாள அட்டை என்றே ஓடிவிடும். அதெல்லாம் ஓய்ந்து ஒரு வெறும் ஞாயிற்றுக்கிழமை வரும்போதுதான், வீட்டையும் வேலையிடத்தையும் தவிர இந்த ஊரில் நமக்கு எதுவுமே தெரியாது என்பது உறைக்கும்.

"இங்கே பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்டபோது எல்லாரும் அதே கோபுரத்தையும் அதே அருங்காட்சியகத்தையும்தான் சொன்னார்கள். அந்தக் கேள்விக்கு வேறு என்ன பதில் வரும்? "நான் இங்கேயே குடிவந்துவிட்டேன். செலவில்லாமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து படிக்க நீங்கள் எங்கே போவீர்கள்?" என்று கேட்க ஆரம்பித்ததும் பேச்சே மாறிப்போனது. மழை நாளில் குழந்தையோடு எங்கே போவது, வெயிலில் நிழலாக நடக்க எந்தத் தெரு என்று தேவையைச் சொல்லிக் கேட்டால், மனிதர்கள் நின்று யோசித்துப் பதில் சொல்கிறார்கள்.

யாரிடம் கேட்கலாம் என்றால், என் முதல் ஓட்டு கிளை நூலக ஊழியர்களுக்கு. அந்த வட்டாரத்தின் பழைய வரைபடம், உள்ளூர் வரலாற்று நூல்கள், அறிவிப்புப் பலகை எல்லாம் அவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அடுத்தது, தினமும் நாயோடு நடப்பவர்கள். குறுக்குவழி, படிக்கட்டு, எந்தப் பூங்காவுக்குப் பின்வாசல் உண்டு என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. பேருந்து ஓட்டுநரிடமும் கேட்கலாம், ஆனால் கடைசி நிறுத்தத்தில் அவர் ஓய்வாக இருக்கும்போது.

கூச்சப்படுகிறவர்களுக்கும் வழி உண்டு. 1992-இல் நியூயார்க்கில் தொடங்கிய கிரீட்டர் முறை இப்போது பல நாடுகளில் இருக்கிறது. உள்ளூர்த் தன்னார்வலர் ஒருவர் தன் பேட்டையை இலவசமாக நடந்து காட்டுவார். அது பயணிகளுக்காக ஏற்பட்டது, அதனால் குடிவந்தவர் என்பதை முன்பே சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு இன்னும் பிடித்தது ஜேன்ஸ் வாக். நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸின் நினைவாக 2007-இல் டொராண்டோவில் தொடங்கியது. மே மாதத் தொடக்கத்தில் பல நகரங்களில் குடியிருப்பவர்களே முன்நடந்து தங்கள் தெருவின் கதையைச் சொல்வார்கள். கூடவே நடந்தால் போதும், பேச்சு தானாக வந்துவிடும். தனியாகச் சுற்றுவதானால், தன்னார்வலர்கள் 2004 முதல் வரைந்துவரும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் ஒற்றையடிப் பாதை, குடிநீர்க் குழாய், உட்காரும் பலகை வரை பல இடங்களில் குறித்திருப்பார்கள்.

ஊர்க்காரர்கள் சொல்ல மறந்துவிடும் விஷயங்களும் உண்டு. திரும்பி வரக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, இருட்டினால் அந்தப் பாதையில் ஆள் நடமாட்டம் இருக்குமா என்பதெல்லாம் அவர்களுக்குப் பழகிப்போனவை. நாமாகத்தான் கேட்க வேண்டும். பெண்கள் இதை இன்னொரு பெண்ணிடம் கேட்பது நல்லது. அப்புறம், "அந்தப் பக்கம் போகாதே" என்று யாராவது ஒரு பேட்டையையே ஒதுக்கினால், அவர் கடைசியாக அங்கே போனது எப்போது என்று கேட்டுப்பாருங்கள். நம்மைப் போலக் குடியேறியவர்கள் வாழும் பகுதிகளுக்கும் அப்படிக் கெட்ட பெயர் வந்துவிடுவதுண்டு. அங்கே வசிக்கும் ஒருவரிடம் விசாரித்துவிட்டுப் பகலில் போய்ப் பாருங்கள்.

ஒருவர் சொன்ன இடத்துக்குப் போய்வந்தால், அடுத்த முறை பார்க்கும்போது அவரிடம் அதைச் சொல்லுங்கள். எந்த வழியாகப் போனீர்கள், அங்கே எதைப் பார்த்தீர்கள் என்று அவரே கேட்பார். அவர் யாருக்கும் லேசில் சொல்லாத இடங்கள் பெரும்பாலும் அந்த இரண்டாவது பேச்சில்தான் வரும்.