ஓடினால்தான் வண்டி

நவம்பர் 2, 2025, ஞாயிறு

மாஸி ஃபெர்குசன் 35 டிராக்டர் இன்று சொந்தக் காலில் கொட்டகையை விட்டு வெளியே வந்தது. வாங்கும்போது மரத்தடியில் பல வருடம் அசையாமல் நின்ற வண்டி. மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் டீசல். இதே மாடலில் முதலில் வந்த டீசல் வண்டிகளுக்கு நான்கு சிலிண்டர் ஸ்டாண்டர்டு எஞ்சின் போட்டிருந்தார்கள். குளிரில் அது லேசில் ஸ்டார்ட் ஆகாது என்று கெட்ட பெயர். 1959-இல் பெர்கின்ஸுக்கு மாற்றினார்கள். 152 கன அங்குலம், சுமார் இரண்டரை லிட்டர். இவ்வளவு எளிமையான எஞ்சினைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

டேங்கில் கிடந்த பழைய டீசல் கோந்து மாதிரி ஆகியிருந்தது. டேங்கைக் கழுவி, ஃபில்டர் மாற்றினேன். லைனைத் திறந்தால் ஏர் ஏறாமல் இருக்காது, அதனால் அடுத்த வேலை ஏர் எடுப்பது. ஃபில்டர் தலையில் இருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் சின்ன லீவரைக் கையால் அடிக்க வேண்டும். முதலில் நுரை வரும். பிறகு டீசலும் குமிழியுமாகக் கலந்து துப்பும். கடைசியில் குமிழி இல்லாமல் கண்ணாடி போல ஒழுகும். அந்த நேரத்தில் ஸ்க்ரூவை இறுக்கிவிட வேண்டும். அப்புறம் சிலிண்டர்களுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் இன்ஜெக்ஷன் பம்பில் உள்ள ஸ்க்ரூக்கள். கடைசியாக நாசில் பைப்பின் நட்டுகளை அரைச்சுற்று தளர்த்தி செல்ஃப் அடித்தேன். ஒவ்வொரு நட்டிலும் டீசல் விட்டுவிட்டுப் பீச்சியது. இறுக்கினேன். முதலில் ஒரு சிலிண்டர் பிடித்தது, இரண்டாவது சேர்ந்தது, வண்டி நொண்டியபடி கொஞ்சம் ஓடியது. மூன்றாவதும் சேர்ந்ததும் சத்தமே வேறு. மூன்று சிலிண்டர் வண்டிக்கென்று ஒரு தாளம் உண்டு, கேட்டுப் பழகியவர்களுக்குத் தெரியும்.

நவம்பர் 8, சனி

சித்தப்பா பையன் வந்திருந்தான். அவனை சீட்டில் ஏற்றிவிட்டேன். கொஞ்ச நேரத்தில், "அண்ணே, லிஃப்ட் ஏறவே மாட்டேங்குது, பம்ப் போச்சு போல" என்றான். போகவில்லை. லிஃப்ட் என்பது வண்டியின் பின்னால் கலப்பையைத் தூக்கும் இரண்டு கைகள். அவற்றை ஆயில் அழுத்தத்தால் தூக்கும் ஹைட்ராலிக் பம்ப் இந்த வண்டியில் பின்பக்க ஆயிலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, அதைச் சுற்றுவது பிடிஓ ஷாஃப்ட், அதாவது பின்னால் மாட்டும் கருவிகளுக்கு எஞ்சின் சக்தியைக் கொடுக்கும் தண்டு. பிடிஓ லீவர் நியூட்ரலில் இருந்தால் லிஃப்ட்டும் வேலை செய்யாது. "அந்த லீவரைப் போடுப்பா" என்றேன். லிஃப்ட்டின் கைகள் மெல்ல மேலே வந்தன. நல்ல வண்டியை லிஃப்ட் செத்துவிட்டது என்று நினைத்து விற்றுவிடுபவர்களும் உண்டு.

கலப்பையை மாட்டி இரண்டு பேருமாகப் பின்புறத் துண்டு நிலத்தில் உழுதோம். கலப்பையின் மேல்பக்கத்தை வண்டியோடு இணைக்கும் டாப் லிங்க் எதற்கு என்று கேட்டான். கலப்பை கெட்டியான மண்ணில் மாட்டும்போது டாப் லிங்க்கை முன்பக்கம் தள்ளுகிறது. அது போய் சீட்டுக்குக் கீழே உள்ள பெரிய ஸ்பிரிங்கை அழுத்துகிறது. அந்த அசைவு ஹைட்ராலிக் வால்வுக்குப் போய் கலப்பையை ஒரு துளி தூக்குகிறது. பாரம் குறைந்ததும் கலப்பை மறுபடி இறங்கிவிடும். ஒரு கணினி கிடையாது, ஒரு வயர் கிடையாது. பொறியாளர் ஹாரி ஃபெர்குசன் இந்த யோசனைக்கு 1926-இல் காப்புரிமை வாங்கினார். 1938-இல் ஹென்றி ஃபோர்டுடன் கைகுலுக்கிப் பேசி முடித்த ஒப்பந்தத்தில் அடுத்த வருடமே ஃபோர்டு 9என் டிராக்டர் வந்தது. இன்றைய டிராக்டர்களின் பின்னாலும் மேலே டாப் லிங்க், கீழே இரண்டு கைகள் என்ற அதே மூன்று புள்ளி இணைப்புதான். பையனை உழச் சொல்லிவிட்டு நான் பக்கத்திலேயே நடந்தேன். ஸ்பிரிங் உள்ளே போய் வெளியே வருவதைக் கண்ணால் பார்க்கலாம். இப்படி வேலை நம் கண்ணெதிரே நடப்பதால்தான் எனக்குப் பழைய வண்டி பிடிக்கிறது.

நவம்பர் 12, புதன்

கிரீஸ் அடித்தேன். வேறொன்றும் இல்லை.

நவம்பர் 15, சனி

இன்று முழுக்க பேக்ஹோ, அதாவது மண் தோண்டும் இயந்திரம். அதன் பெரிய கையான பூமை உயர்த்தி எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்த்தால் தானாக இறங்குகிறது. பூமுக்கும் பக்கெட்டுக்கும் நடுவே உள்ள கையை அசைக்கும் டிப்பர் சிலிண்டரின் ராடு ஓரத்தில் ஆயில் கசிவு. இதுவும் ஓடாமல் நின்றதன் பலன்தான். சீல் என்பது ஆயிலில் நனைந்து கொண்டே இருக்க வேண்டிய ரப்பர். மாதக்கணக்கில் நின்றால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ராடு ஈரத்தில் துருப்பிடிக்கிறது, அந்தத் துரு அடுத்த தடவை உள்ளே போகும்போது சீலைச் சீவிவிடுகிறது. நிறுத்தி வைக்கும்போது முடிந்தவரை ராடுகள் உள்ளே இருக்கும்படி மடக்கி, பக்கெட்டைத் தரையில் இறக்கி வைப்பது அதனால்தான். திடீரென்று இறங்கும் பாரத்திலிருந்து ஆளும் தப்பிப்பார்.

முதலில் பக்கெட்டைத் தரையில் வைத்து, எஞ்சினை அணைத்து, லீவர்களை எல்லாப் பக்கமும் ஆட்டி அழுத்தத்தை இறக்கினேன். பிறகுதான் ஸ்பானர். சிலிண்டரின் வாயை மூடும் கிளாண்ட் நட்டு அசையவே இல்லை. பைப் ஒன்றை ஸ்பானரில் செருகி இழுத்ததும் ஒரு வெடிச்சத்தத்தோடு கழன்றது. ராடை வெளியே உருவி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். குரோம் பூச்சில் நகம் மாட்டும் அளவு கீறல் இருந்தால் புது சீல் போட்டும் பயனில்லை. நல்லவேளை, இரண்டு சின்னத் துருப்புள்ளிகள்தான். மிக நைசான உப்புத்தாளால் சுற்றுவாக்கில் தேய்த்தேன்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஹைட்ராலிக் ஹோஸில் கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது. ஊசிமுனை ஓட்டையிலிருந்து வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஒரு புள்ளி அளவுதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது, ஆனால் அது அறுவை சிகிச்சை வரை போகும் அவசரம். ஒரு அட்டைத் துண்டை நீட்டிப் பிடித்துப் பார்த்தால் போதும்.

நவம்பர் 23, ஞாயிறு

காற்றில் விழுந்த மரத்தை இழுக்க வேண்டியிருந்தது. சங்கிலியைக் கீழே இருக்கும் டிராபாரில், அதாவது இழுப்பதற்கான கம்பியில் மட்டும்தான் மாட்டினேன். டாப் லிங்க் இடத்திலோ பின் அச்சைச் சுற்றியோ கட்டினால், கட்டை மண்ணில் மாட்டிக்கொள்ளும்போது சக்கரம் சுற்ற முடியாமல் வண்டியே அச்சைச் சுற்றி எழும்பும். முன் சக்கரம் தூக்குகிறது என்று நாம் உணர்ந்து கிளட்ச்சை மிதிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இந்தக் காலத்து வண்டிகள், கவிழ்ந்தாலும் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டகத்தோடு வருகின்றன. ஸ்வீடன் 1959-லேயே புது டிராக்டர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. என் 35-க்கு அது வரவில்லை. எனவே சட்டகமும் சீட் பெல்ட்டும் பொருத்தியிருக்கிறேன். பழைய அழகு கெடுகிறது என்று நண்பர் ஒருவர் வருத்தப்பட்டார். எனக்கு அந்த வருத்தம் இல்லை. கண்காட்சிக்கு நிறுத்துகிற வண்டி அல்ல இது, வேலை செய்கிற வண்டி. அதில் உட்காருகிறவர் வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும்.

நவம்பர் 29, சனி

புதர் வெட்டினோம். பிடிஓ நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்பது. ஷாஃப்ட்டின் மேல்மூடி உடைந்திருந்ததால் முதலில் அதை மாற்றிவிட்டுத்தான் வண்டியை எடுத்தோம். சுற்றும் ஷாஃப்ட்டில் துணி மாட்டிவிடும் என்பதால், தொளதொளத்த சட்டை போட்டு வந்த பையனை உள்ளே அனுப்பி மாற்றிக்கொண்டு வரச் சொன்னேன். முணுமுணுத்தான். பரவாயில்லை.

அவன் அரைக் கிளட்ச் மிதிக்கக் கற்றுக்கொண்டான். பாதி மிதித்தால் வண்டி நிற்கும், பிளேடு சுற்றிக்கொண்டே இருக்கும். முழுக்க மிதித்தால் இரண்டும் நிற்கும். தடித்த புதர் வந்தால் பாதியில் நிறுத்தி பிளேடு வெட்டி முடிக்க விடலாம். இதைச் சொல்லிக்கொடுக்க முடியாது, கால்தான் கற்க வேண்டும்.

டிசம்பர் 7, ஞாயிறு

இடது பிரேக் பிடிக்கவே இல்லை. இந்த வண்டிக்கு இடது வலது என்று தனித்தனிப் பெடல். வயலில் குறுகிய இடத்தில் திரும்ப அது வசதி. சாலையில் இரண்டையும் கொக்கியால் சேர்த்துவிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வண்டி வெட்டித் திரும்பிவிடும். சக்கரத்தையும் டிரம்மையும் கழற்றினால், டிரம்மை உரசிப் பிடிக்கும் பிரேக் ஷூ முழுக்க ஆயில். அச்சு ஆயில் சீல் போயிருக்கிறது. லைனிங் ஊறிய ஷூவைக் கழுவிப் போட்டால் தேறும் என்பார்கள், நான் நம்புவதில்லை. சீலும் ஷூவும் புதிது போட்டேன். இடதில் போட்டால் வலதிலும் போட வேண்டும், இல்லாவிட்டால் பிடிப்பு சமமாக இருக்காது.

சாயங்காலம் காலி நிலத்தில் ஓட்டிப் பார்த்தேன். கொக்கி மாட்டி மிதித்ததும் இரண்டு சக்கரமும் ஒரே நீளத்துக்குத் தேய்த்துக் கோடு போட்டன. நாளை டிரெய்லரை மாட்டி மரத்துண்டுகளை ஏற்றலாம்.