பெரியப்பாவைப் பற்றி ஒரு பக்கம்

டிசம்பர் 4

இன்று கடற்படை தினம். பெரியப்பா படித்த பள்ளியிலிருந்து போன் வந்தது. 9ஆம் தேதி காலை அவருக்கு அஞ்சலியாம், வாழ்க்கைக் குறிப்பு ஒரு பக்கம் எழுதித் தரணுமாம். சரி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால், செத்த கதைதான் கடகடவென்று வருகிறது. 1971 டிசம்பர் 9 ராத்திரி, டையூவுக்கு அப்பால் அரபிக்கடலில், பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி விட்ட டார்பிடோவில் நம் போர்க்கப்பல் ஐஎன்எஸ் குக்ரி சில நிமிடங்களில் மூழ்கிவிட்டது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போய்விட்டார்கள், கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு இறங்கவே இல்லை, பிறகு அவருக்கு மகாவீர் சக்ரா விருது கொடுத்தார்கள். இதெல்லாம் யார் தேடினாலும் கிடைக்கும். அந்த 176 பேரில் ஒருத்தர் எப்படிப்பட்ட ஆள் என்று கேட்டால் எனக்கே தெரியாது, நான் பிறக்கும் முன்பே போனவர்.

டிசம்பர் 6

மழை விட்டதும் முதுநகருக்குப் போய் அத்தையைப் பிடித்தேன்.

"உங்க பெரியப்பாவா? மீன்ல முள் எடுக்கத் தெரியாதுடா அதுக்கு. நான்தான் எடுத்துக் குடுப்பேன். அது போய் கப்பல் வேலையில சேர்ந்துச்சு பாரு."

பீரோவிலிருந்து ஒரு இன்லண்டு லெட்டரை எடுத்தார். மடிப்பில் கிழிந்து, உள்பக்கம் டேப் ஒட்டியிருக்கிறது. எழுத இடம் தீர்ந்து, ஓரத்தில் செங்குத்தாக இரண்டு வரி: டைப்ரைட்டிங் பரீட்சைக்கு மணியார்டர் அனுப்பியிருக்கிறேன், அப்பாவிடம் கொடுக்காதே, நீயே போய்க் கட்டு. அந்தப் பணத்தில் லோயர் பாஸ் பண்ணித்தான் அத்தை தாலுகா ஆபீசில் டைப்பிஸ்ட் ஆனார், இன்று வாங்கும் பென்ஷன் அதில் வந்ததுதான். வீட்டில் இத்தனை பேர் இருக்கிறோம், இதை ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்லை.

டிசம்பர் 7

கொடி நாள். 1949இலிருந்து இதே தேதிதான். உண்டியலில் பணம் போட்டேன், சட்டையில் கொடி குத்திவிட்டார்கள். வேறு விசேஷம் இல்லை.

டிசம்பர் 8

எழுதிக் கொடுத்ததைத் திருத்தி அனுப்பியிருக்கிறார்கள். மீன் முள்ளைக் காணோம், மணியார்டரைக் காணோம். அதற்குப் பதில் "சிங்கமெனச் சீறி மண்ணில் குருதி சிந்தி". மண் எங்கே இருந்தது ஐயா அங்கே? உடம்பே கிடைக்கவில்லை. போன் போட்டு, நான் எழுதியதைத்தான் வாசிப்பேன் என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 9

முதலில் வந்த தந்தியில் "காணவில்லை" என்றுதான் இருந்ததாம். அப்புறம் வந்த கடிதத்தில் தேதி போட்டிருந்ததால், எங்கள் வீட்டில் அவருக்கு மட்டும் திதி பார்ப்பதில்லை, இங்கிலீஷ் தேதியில்தான் படையல். அதை முடித்துவிட்டு அத்தையும் பள்ளிக்கு வந்தார்.

மீன் முள் வரி வந்ததும் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். ஒரு ஆசிரியர் முறைத்தார். முன்வரிசையில் அத்தையும் சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து முறைப்பை எடுத்துக்கொண்டார். ஒரு பையன் எழுந்து, கப்பல் இன்னும் கடலுக்குள்ளேயா இருக்கு என்று கேட்டான். ஆமாம் என்றேன். அதே பெயரில் 1989இல் இன்னொரு கப்பல் சேர்ந்ததையும், 2021இல் அது ஓய்வு பெற்றதும் டையூவுக்கே கொடுத்துவிட்டதையும் சொன்னேன்.

திரும்பும்போது ஆட்டோவில் அத்தை கேட்டார்: "அந்தக் கப்பல்ல ஏறிப் பாக்க விடுவாங்களாடா?"

"மியூசியம்தானே அத்தை, விடுவாங்க. இந்த முட்டி வலியோட குஜராத் பக்கம் வரைக்கும் போகணுமே?"

"ரயில்ல நான் என்ன நடந்தா வரப்போறேன்? டிக்கெட்டப் பாரு."