37ஆவது படத்தோடு நின்ற ஸ்கிரிப்ட்

கேமராவிலிருந்து இறக்கிய படங்களைச் சின்னதாக்க பிஎச்பி மொழியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, ராத்திரி 2 மணிக்கு க்ரானில் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் புரோகிராம்) ஓடவிட்டிருந்தேன். நடப்பதையெல்லாம் எழுதிவைக்கும் லாகைக் காலையில் திறந்தால் 'படம் 37 தொடங்கியது' என்பதோடு நிற்கிறது. ஏன் நின்றது என்று ஒரு வரி இல்லை.

சனிக்கிழமை முழுக்க இதற்கே போனது. க்ரான் வரியில் வெறும் '>' போட்டு லாக் கோப்பைக் காட்டியிருந்தேன். ஸ்கிரிப்ட் எக்கோ செய்வது (அச்சிடுவது) ஸ்டாண்டர்ட் அவுட்புட் என்ற வழியில் வருவதால் அது மட்டும் கோப்பில் விழுந்தது. பிஎச்பியை நானே கம்பைல் செய்து, கூடவே வரும் புரொடக்‌ஷன் ஐஎன்ஐ (அமைப்புகள்) கோப்பை அப்படியே வைத்திருந்தேன். அதில் டிஸ்பிளே எரர்ஸ் ஆஃப், லாக் எரர்ஸ் ஆன், ஆனால் எரர் லாகுக்குப் பாதை கிடையாது. அப்படியிருந்தால் கமாண்ட் லைனில் பிழையெல்லாம் ஸ்டாண்டர்ட் எரர் என்ற தனி வழியில் போகும். க்ரான் அதை மெயில் அனுப்பப் பார்த்து, மெயில் சர்வர் இல்லாததால் தூக்கிப் போட்டிருக்கிறது. சிஸ்லாகில் (கணினியின் பொது லாகில்) தினமும் புலம்பியும் இருக்கிறது, நான் பார்த்தால்தானே!

சரி என்று 2>&1 சேர்த்தேன். இதில் 1 ஸ்டாண்டர்ட் அவுட்புட், 2 ஸ்டாண்டர்ட் எரர். மறுநாளும் அதே கதை. அதை '>' குறிக்கு முன்னால் போட்டுத் தொலைத்திருந்தேன். கட்டளை வரியை ஓட்டும் ஷெல் அதை இடமிருந்து வலமாகப் படிக்கும். '1 போகும் இடத்துக்கே 2-ம் போகட்டும்' என்று சொல்லும்போது 1 இன்னும் கோப்புப் பக்கம் திரும்பவே இல்லை. வரிசையை மாற்றியதும் ஸ்கிரிப்ட் வாய் திறந்தது: 134217728 பைட் மெமரி வரம்பு தீர்ந்துவிட்டதாம்.

அதாவது 128 எம்பி. படம் 6000-க்கு 4000, பிஎச்பியில் படங்களைக் கையாளும் ஜிடி புள்ளிக்கு 4 பைட் எடுக்கும், ஆக 9.6 கோடி பைட். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்த படத்தைத் திருப்பும்போது இன்னொரு முழுப் பிரதி உருவாகிறது, அங்கேதான் மண்டையைப் போட்டது. இப்போது முதலில் சின்னதாக்கிவிட்டு அப்புறம் திருப்புகிறேன்.

பிழை வந்தால் நம் ஃபங்ஷனை அழைக்கும் செட் எரர் ஹேண்ட்லர் இதைப் பிடித்துவிடும் என்று நம்பியிருந்தேன். ஸ்கிரிப்டையே நிறுத்தும் ஃபேட்டல் எரர் அதன் கைக்கே வராது. அதனால் ஸ்கிரிப்ட் முடியும்போது ஓடும் ஷட்டவுன் ஃபங்ஷன் ஒன்றைப் பதிவு செய்து, எரர் கெட் லாஸ்ட் தரும் கடைசிப் பிழையோடு படத்தின் பெயரையும் நேரத்தையும் லாகில் எழுதுகிறேன். இது தனிக் கோப்பில் இருக்கிறது, அங்கிருந்து ஸ்கிரிப்ட் இன்க்ளூட் ஆகிறது. ஒரே கோப்பில் இருந்தால், ஒரு செமிகோலன் விட்டுப்போன அன்று ஷட்டவுன் ஃபங்ஷனே பதிவாகாது. வேண்டுமென்றே ஒன்றை அழித்துப் பார்த்தேன், வரி எண்ணோடு லாகில் வந்தது.

ராத்திரி 2 மணிக்கு ஓடியதை லாக் 20:30 என்கிறது. டைம்சோன் வைக்காததால் யுடிசி (உலகப் பொது நேரம்). அது அடுத்த சனிக்கிழமைக்கு.