நாற்பது அடிப் படகு

ஓசூரில் மெஷின் ஷாப்பில் வேலை பார்க்கிறேன். எந்த இயந்திரமானாலும் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தே ஆகவேண்டும் எனக்கு. அப்படித்தான் பிரிட்டிஷ் கடற்படையின் சிஎம்பி 4 (கடலோர மோட்டார் படகு) மேல் பைத்தியமானேன். தார்னிகிராஃப்ட் நிறுவனம் வடிவமைத்த மரப் படகு, நீளம் 40 அடி, மூன்றே பேர்.

டார்பிடோ, அதாவது தண்ணீருக்குள் பாய்ந்து கப்பலைத் தாக்கும் வெடிகுண்டு, அதை ஏவ இதில் குழாய் கிடையாது. பின்பக்கத் தொட்டியில் முனை முன்னோக்கிக் கிடக்கும். அதைத் தள்ளுவதற்கான வெடிமருந்துத் தோட்டா வெடித்ததும் வால் முதலில் தண்ணீரில் விழும். அப்புறம் படகு போகும் அதே திசையில் பாயும்! படகுதான் சட்டென்று ஒதுங்க வேண்டும். எடை குறைக்க என்ன துணிச்சலான டிசைன்!

1919 ஜூன் 17 இரவு. பிரிட்டிஷ் கடற்படை லெப்டினன்ட் ஏகார் இந்தப் படகில், ரஷ்யக் கடற்படைத் தளமான க்ரோன்ஷ்டாட் பக்கம் நின்ற ரஷ்யப் போர்க்கப்பல் ஒலெக்கை நோக்கிப் போனார். வழியில் தோட்டா தானாக வெடித்துவிட்டது. நல்லவேளை, தடுப்புகள் டார்பிடோவைப் பிடித்துக்கொண்டன. எதிரிக் கப்பல்களுக்கு நடுவே படகை நிறுத்தி, இருட்டில் புதுத் தோட்டா போட்டார்கள். நல்ல வெளிச்சத்தில், ஆடாத தரையில் டூல் மாற்றுகிறவர்களுக்குத்தான் அதன் அருமை புரியும்.

ஒலெக் மூழ்கியது. ஏகாருக்கு பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ். இன்ஜினைக் கவனித்த மெக்கானிக் ஹ்யூ பீலிக்கும் பதக்கம் கொடுத்தார்கள். எனக்கு அதில்தான் கூடுதல் சந்தோஷம்.